அவரவர் எச்சில்

அம்மாவுக்கு எச்சில் ஊறவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே குழாயடியில், கையில் ஒரு சின்ன பீக்கரோடு நின்றிருந்தாள். வாயைப் பல தடவை கொப்பளித்தாயிற்று. பீக்கர் காய்ந்து கிடந்தது.

அவளோடு படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, கௌரவமாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

பயோகெமிஸ்ட்ரி ஆனர்ஸ், கடைசி வருடம், கடைசிச் செய்முறைத் தேர்வு. எச்சிலில் அமைலேஸ் என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது மாவுச்சத்தை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாவுக் கரைசல் கல்லூரியுடையது. எச்சில் அவரவருடையது.

எச்சில் இல்லையென்றால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் ஆனர்ஸ் இல்லை. வெறும் பட்டத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் ராத்திரி வேலை முடிந்து, வீட்டுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தேன். திரும்பிப் போய்ப் படுத்திருக்கலாம். தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குழாயடி எனக்குத் தெரியாததல்ல. இதே படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன் நான். புத்தகங்கள் வீட்டில் சும்மா கிடந்தன. தூசி தட்ட எடுத்த அம்மா திரும்பக் கீழே வைக்கவில்லை.

"வாய் ஒட்டிக்குதுடா. வயித்துல புளியக் கரைக்குது."

"வயித்துல கரைஞ்சு என்ன பிரயோஜனம்மா? வாயில கரையணும்."

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு எலுமிச்சைத் துண்டு வாங்கிட்டு வாயேன்."

"புளிப்பு பட்டா அமைலேஸ் படுத்துடும். உனக்கே தெரியும்."

தெரியும். என்சைம் தாளில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண்.

வாயில் எதையும் போடக் கூடாது. சொல்லியாவது பார்ப்போம் என்று எலுமிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நறுக்கும்போது கத்தியோரம் வழிகிற சாறு. மேலே தூவிய உப்பு. நாக்கு நுனியில் ஒரே ஒரு தொடுதல்.

அக்கம்பக்கத்துத் தூண்களுக்குப் பின்னால் பீக்கர்கள் நிரம்பின. ஒரு பையன் ஞாபக மறதியாக விழுங்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அவளோடு ஒரே மேஜையில் செய்முறை செய்கிற பெண் பக்கத்தில் வந்தாள். வகுப்பில் அவளுக்குக் குச்சி என்று பெயர். தன் பீக்கரை நீட்டினாள்.

"ஆன்ட்டி, என்கிட்ட நெறைய இருக்கு. பாதி ஊத்திக்கோங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"இன்னொருத்தி எச்சில்ல பாஸாகறதுக்கு நான் இவ்ளோ தூரம் வரணுமா கண்ணு? நீ போ."

லேப் உதவியாளர் கதவைத் திறந்து, எல்லோரும் உள்ளே வரலாம் என்றார். குச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அம்மா நகரவில்லை. பீக்கரை வாயருகே கொண்டுபோய், மறுபடி இறக்கினாள்.

நான் பக்கத்தில் போனேன்.

"அம்மா, வேலைய விட்டுட்டேன்."

"என்ன?"

"கோடவுன் வேலைய. காலைல சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

என்னையே பார்த்தாள். அப்புறம் மடை திறந்தது.

"படிப்ப விட்ட. போகட்டும், சின்னப் புள்ளன்னு இருந்தேன். இப்ப வேலையையும் விட்டாச்சா? இன்னும் என்னடா மிச்சம் இருக்கு விடறதுக்கு, மூச்சா? ஒரு எடத்துல குந்தத் தெரியாதா? பரீட்சை வாசல்ல வெச்சு இதச் சொல்ல எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு?"

உதட்டோரம் நுரை கட்டியது. என் சட்டையில் தெறித்தது. அவள் கையோடு பீக்கரைப் பிடித்து மோவாய்க்குக் கீழே உயர்த்தினேன்.

"தூ" என்றாள்.

நேராக உள்ளே விழுந்தது.

குனிந்து பீக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. திட்டிக்கொண்டே துப்பினாள், துப்பிக்கொண்டே திட்டினாள். வேண்டிய அளவு சேர்ந்ததும் வசவைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாகக் குழிகள், குழிக்கொரு சொட்டு அயோடின். எச்சில் கலந்த மாவுக் கரைசலை ஒவ்வொன்றாகச் சொட்டவிட்டாள். கருநீலம். மறுபடி கருநீலம். ஊதா. பழுப்பு. கடைசிக் குழியில் நிறம் மாறவே இல்லை, அயோடினின் மஞ்சள் அப்படியே இருந்தது. மாவு தீர்ந்துவிட்டது. கடிகாரத்தை நிறுத்தினாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தட்டைச் சாய்த்துப் பார்த்து ஏதோ கேட்டார். கேட்டதற்கு மேலேயே சொன்னாள் போலிருக்கிறது. அவர் போதும் என்று கையைக் காட்டிச் சிரித்தார்.

வெளியே வந்தவளின் முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது.

"நல்லா நடிக்கறடா. ஒரு நிமிஷம் நெசம்னே நம்பிட்டேன்."

"எச்சில் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. அதுக்குன்னு பொழப்ப வெச்சா வெளையாடுவ? வண்டிய எடு."

பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளில் கை வைத்தாள். தேர்வாளர் கேட்டது, தான் சொன்னது, குச்சி கரைசலைக் கொட்டிவிட்டு முழித்தது எல்லாவற்றையும் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள். வெயில் ஏறியிருந்தது. எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

அவள் கல்லூரியில் சேர்ந்த வாரம்தான் நான் கோடவுனில் சேர்ந்தேன். காலையில் கொண்டுவந்து விடவும் சாயங்காலம் கூட்டிப் போகவும் ராத்திரி வேலைதான் தோதாக இருந்தது.

இன்று காலை அங்கே லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது சூப்பர்வைசர் காரணம் கேட்டார். அம்மாவுக்குப் படிப்பு முடிந்துவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வீடு போய்ச் சேரும்வரை அவள் பேசட்டும் என்று வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.