பின் கேட்

“யோவ், நில்லு. தூண்டில மடக்கி பையில போடு.”

பூங்கா வாசலில் செக்யூரிட்டி நாகம்மா போட்ட சத்தத்தில், வாக்கிங் போய்க்கொண்டிருந்த அகல்யா திரும்பிப் பார்த்தாள்.

நின்றவர் தினமும் காலையில் பார்க்கிற ஆள்தான். தலை நரைத்தவர். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு கையில் தூண்டில். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார்.

ஆவடியில் அந்த ஏரியை ஒட்டிப் பூங்கா வந்த பிறகு, மீன் பிடிக்க விட்டிருக்கிற கரைக்குப் போக ஒரே வழிதான். முன் கேட்டில் நுழைந்து, பூங்காவைக் கடந்து, பின் கேட் வழியாக வெளியேற வேண்டும். அதற்கு அனுமதி உண்டு. ஆனால் தூண்டில் பைக்குள் இருக்க வேண்டும், வாளி மூடியிருக்க வேண்டும், உள்ளே எங்கேயும் தங்கக் கூடாது. வாசலில் போர்டே இருக்கிறது.

“போட்டுட்டேன்மா.”

“முள்ளு வெளிய தெரியுது பாரு. உள்ள தள்ளு. ம்... போ. நேரா போய்க்கினே இரு.”

பாதி தூரம் போனவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் சாய்ந்தார். உடனே விசில் பறந்தது.

“யோவ்! அங்க இன்னா உக்கார்ற? எழுந்துரு!”

“முட்டி புடிச்சிகிச்சு. கொஞ்சம்...”

“அதெல்லாம் வெளிய போயி பாத்துக்க. நட!”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அகல்யாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் ஸ்பீக்கரை அலறவிட்டு ரீல்ஸ் எடுக்கிறது ஒரு கும்பல். புல்வெளியை அசிங்கம் பண்ணிவிட்டுப் போகிறது யாரோ ஒருவரின் நாய். அங்கெல்லாம் ஊதாத விசில்!

“ஏங்க, வயசானவர் ஒரு நிமிஷம் உக்காந்தா என்ன குறைஞ்சு போச்சு?”

“ரூல்ஸ் மேடம்.”

“நாய்க்கு ரூல்ஸ் இல்லையா? கார்ல வர்றவங்களைக் கேக்க பயம். இவர்னா வாடா போடான்னு பேசலாம், இல்ல?”

நாகம்மா விசிலை வாயிலேயே வைத்தபடி, அந்த மனிதர் பின் கேட்டைத் தாண்டும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விசில் ஊதியதையும் விரட்டியதையும் அகல்யா செல்போனில் பிடித்து வைத்திருந்தாள். மேலிடத்துக்கு அனுப்பினால் ஒரே நாளில் ஆளை மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பின் கேட்டுக்குப் போனாள்.

கேட்டுக்கு வெளியே, கரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்.

“அண்ணா, அந்தப் பொம்பள உங்கள விரட்டினதை வீடியோ எடுத்திருக்கேன். நீங்க சரின்னு சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன்.”

அவர் பதறிப்போய்க் கும்பிட்டார்.

“ஐயோ, வேணாம்மா! நாகம்மா இல்லாங்காட்டி இந்தக் கேட்டே இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“போன வருசம் ஒருத்தன் அந்த பெஞ்சுல குந்திகினு மீனுக்குச் செதில் எடுத்தான். யாரோ போட்டோ புடிச்சிப் போட்டுட்டாங்க. அன்னிக்கே பூட்டு தொங்கிச்சு. எங்க ஆளுங்க அத்தினி பேரும் பொழப்பு இல்லாம நின்னோம். அதுதான் ஆபீஸ் ஆபீஸா நடந்து தொறக்க வெச்சுது. இனிமே இவங்களால ஒரு தப்பு நடந்தா, என்னிய வேலைய விட்டுத் தூக்கிடுங்கன்னு வாக்கு குடுத்துட்டு வந்துகீது.”

“அதுக்காக உங்கள மட்டும் விரட்டணுமா? நாயோட வர்றவங்கள விடறாங்களே?”

“நாய இட்டுகினு வர்றவங்கள யாரும் வராதன்னு சொல்லப் போறதில்லம்மா. எங்களத்தான் எப்ப தப்பு பண்ணுவோம்னு பாத்துகினு கீறாங்க. ஏதோ ஃபிளாட்டாம், இந்தக் கேட்ட நெரந்தரமா மூடச் சொல்லி மனு குடுக்கப் போறாங்களாம்.”

அகல்யாவுக்குச் சுருக்கென்றது. அது அவள் குடியிருக்கிற ஃபிளாட்தான். செக்ரட்டரி ஸ்ரீநாத் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில், ‘பூங்காவின் பாதுகாப்புக்காகப் பின் கேட்டை மூடக் கோருவோம்’ என்று போட்டிருந்தார். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே, முழுதாகப் படிக்காமல், சம்மதம் என்று ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டவள் அவள்.

போனை எடுத்தாள். வீடியோவை அழித்தாள். குரூப்பைத் திறந்து கட்டைவிரலை எடுத்துவிட்டு, ‘பின் கேட்டை மூட எனக்குச் சம்மதம் இல்லை. காரணத்தை நேரில் சொல்கிறேன்’ என்று அடித்து அனுப்பினாள்.

நிமிர்ந்தபோது, நைட் டூட்டி முடிந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நாகம்மா பின் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க அகல்யா வாயெடுப்பதற்குள், நாகம்மா விறுவிறுவென்று அவளைக் கடந்து போனாள். கரையில் உட்கார்ந்தாள். அந்த மனிதரின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து முழங்காலில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

“ரொம்ப வலிக்குதாய்யா?” குனிந்தபடியே கேட்டாள். “இன்னிக்கி ஊட்லயே கெடன்னு சொன்னேனே, கேட்டியா?”

அகல்யா அங்கேயே நிற்பதை அப்போதுதான் கவனித்தாள் நாகம்மா. தேய்க்கிற கையை நிறுத்தாமல், லேசான வெட்கத்தோடு சொன்னாள்:

“கேட்டுக்கு உள்ளதான் மேடம் நான் செக்யூரிட்டி. வெளிய வந்தா இவுரு பொஞ்சாதி.”