குறுக்குவெட்டுக் கோடு

தாங்கள் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை அற்புதராஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மனைவியின் மடிமேல் விரித்தார். அடுப்படியில் ஒரு புள்ளி வைத்து, "இது நீ" என்றார்.

ஜெசிந்தா அதன் வழியாக ஓடிய பென்சில் கோட்டைத் தொட்டாள். "இது என்னதுங்க?"

"குறுக்குவெட்டு. இந்தக் கோட்டுல வீட்டை வெட்டிக் காட்டுனாத்தான் உள்ள எப்படி இருக்குன்னு தெரியும்."

"நாளைக்கு என் ஆபரேசனுக்கு டாக்டரும் இதையேதான் சொன்னாரு. கோடு என் மேலல்லா போகுது."

அவர் ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். கூடத்தின் குறுக்கே புதிய கோடு இழுத்தார். அதன்மேல் இன்னொரு புள்ளி வைத்தார்.

"இது யாரு?"

அவர் பென்சிலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஜெசிந்தா அந்தப் புள்ளியை விரலால் மூடினாள். "அங்க எதுக்கு நிக்கீங்க? அடுப்படிக்கு வாங்க."