வீட்டில் குடியிருப்பவர்

இணை உரிமையாளரின் பெயரைக் கேட்டது கணினி.

கற்பகவல்லி என்று தட்டினான். மாதக்கணக்கில் அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லவில்லை. விரல்கள் மறக்கவில்லை போலிருக்கிறது.

பங்கு எவ்வளவு என்றது அடுத்த கட்டம்.

பாதி.

ஞாயிற்றுக்கிழமை மாலை. வேளச்சேரியில் வாடகைக்கு ஒற்றை அறை, ஒரு பாய், மடிக்கணினியை வைக்க ஒரு தலையணை. சொந்த வீடு மேடவாக்கத்தில் இருக்கிறது. அங்கே மனைவி வல்லி இருக்கிறாள்.

சண்டையே அந்த வீட்டை வைத்துத்தான். கரூரில் அண்ணன் ஜவுளிக்கடை போட வேண்டும், வீட்டை விற்கலாம் என்றான் இவன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் அவள். தீபாவளிக்கு முன்னால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தான். அண்ணன் கடையும் போடவில்லை, அதற்கப்புறம் ஒரு போனும் போடவில்லை.

திரும்பிப் போகத்தான் ஆசை. ஆனால் ஐயாவை யாராவது கூப்பிட வேண்டுமாம்.

யாரும் கூப்பிடவில்லை.

வருமான வரிக் கணக்கைத் தனியாக அவன் போட்டதே இல்லை. ஜூலையில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்காருவார்கள். வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழை அவள் வாசிப்பாள். அவன் தட்டுவான். முதலில் அவன் கணக்கு, பிறகு அவள் கணக்கு. வீட்டுக்கடன் வட்டியில் ஆளுக்குப் பாதி கழிவு. அலுவலகத்தில் எல்லோரும் புதிய வரிமுறைக்கு மாறிய பிறகும் இருவரும் பழையதிலேயே கிடந்தார்கள். வட்டியைக் கழிக்க அதில்தான் இடமிருந்தது.

வீடு கட்டி முடிவதற்குள் கட்டிய வட்டியை, வீடு கைக்கு வந்தபின் ஐந்து வருஷத் தவணையாகக் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தவணைகளுக்கு வல்லி பெயர் வைத்தாள்.

முதலாவது மழைத் தவணை. வெறும் தூண்கள் நின்ற காலத்தில் ஸ்கூட்டரில் பார்க்கப் போய், இருவரும் தொப்பலாக நனைந்தது.

இரண்டாவது காபித் தவணை. இங்கே அடுப்பு, இங்கே தொட்டி என்று வெறும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். இல்லாத அடுப்பில் இல்லாத காபியைப் போட்டு, ஆற்றி நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றான்.

மூன்றாவதும் நாலாவதும் பில்டரைத் திட்டுவதற்கென்றே ஒதுக்கியவை.

ஐந்தாவது சாவித் தவணை. சாவி கைக்கு வந்த அன்று, புதுப் பூட்டைத் திறக்கத் தெரியாமல் சொந்த வீட்டு வாசலில் இருவரும் முழித்துக்கொண்டு நின்றது.

வருஷா வருஷம் அந்தத் தவணைக்கான கட்டத்தில் எண்ணைத் தட்டுமுன் அவள் கதையைச் சொல்லியாக வேண்டும். தெரிந்த கதைதான். இருந்தாலும் அவன் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பான்.

ஐந்தும் போன வருஷத்தோடு முடிந்துவிட்டன.

பூஜ்யம் போட்டான்.

வரி கட்ட வேண்டுமே என்று அழுகிறவர்கள் உண்டு. இவன் அழுதது அதற்கில்லை. அந்த மேசையும் அவள் குரலும் அவனுக்கு வேண்டியிருந்தன.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தான்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, நீங்களே குடியிருக்கிறீர்களா?

இந்த அறையின் வாடகை ரசீதுகள் பக்கத்தில் இருந்தன. அவற்றைக் காட்டினால் வரி நன்றாகக் குறையும். ஆனால் வாடகை வீட்டில் இருக்கிறேன் என்று அவனே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ரசீதுகளைத் தள்ளி வைத்தான்.

சொந்தக் குடியிருப்பு என்பதை அழுத்தினான். வரி ஏறியது. ஏறட்டும் என்று சமர்ப்பித்தான்.

ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொன்னது கணினி.

அவன் போன் சும்மா கிடந்தது.

அப்புறம்தான் உறைத்தது. போன் தொலைப்பதில் இவர் மன்னர் என்று சொல்லி, அவன் ஆதாருக்கும் வல்லி தன் எண்ணையே கொடுத்திருந்தாள்.

போன் அடித்தது.

"என்னங்க, உங்க ஆதாருக்கு ஓ.டி.பி. வந்திருக்கு. நீங்கதானா, இல்ல எவனாவது திருடனா?"

"நான்தான் வல்லி. வரிக் கணக்கு."

"தனியாவா போடுறீங்க?"

"ம்."

"வீட்டுக்கு என்ன போட்டீங்க?"

தள்ளி வைத்த ரசீதுகளைக் கவிழ்த்துப் போட்டான்.

"நாமளே குடியிருக்கோம்னு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது. வைத்துவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

"நம்பரச் சொல்லு வல்லி. கொஞ்ச நேரத்துல காலாவதி ஆயிடும்."

"ஆகட்டும். பொய்க்கணக்குக்கெல்லாம் என்னால நம்பர் சொல்ல முடியாது." மூக்கை உறிஞ்சினாள். "இங்க வந்து உக்காந்து வேற ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. அப்ப சொல்றேன்."

"வல்லி..."

"விக்கிற பேச்சோட வராதீங்க."

"வரல. அந்தப் பேச்சே இனி இல்ல."

"சரி. அரிசி இன்னொரு டம்ளர் போடணும். வெக்கிறேன்."

நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும் என்றது திரை.

அவன் அதைப் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.