தொட்டித் தவளைக்குக் கிடைத்த பதில்

பள்ளிக்கூடத்து அல்லித் தொட்டியில் ஒரு தவளை இருந்தது. குளத்தைத் தூர்த்து விளையாட்டுத் திடல் போட்ட பிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். மழை வந்தால் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராது.

ஒருநாள் டீச்சர் தொட்டியோரம் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். கடல் கடந்த நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சுற்றுச்சூழல் பாடம். திரையில் அவர்கள் பள்ளிக் குட்டையும், கரையில் ஒரு தவளையும் தெரிந்தன. தொட்டித் தவளை வழக்கம்போல் கூப்பிட்டது.

"யாருங்க அது?" என்று திரையிலிருந்து குரல் வந்தது.

தொட்டித் தவளை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது. "நான்தாங்க! இங்க தனியா இருக்கேன். நீங்க?"

"நானும் தனிதாங்க. இங்க வேற யாருமே இல்ல."

"உங்க ஊர்ல மழை பெய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே அது தாவி விளிம்பில் உட்கார்ந்தது.

அப்போது அந்த நாட்டுச் சிறுமி ஒருத்தி, அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றிப் பேச எழுந்தாள்.

"தவளைச் சத்தம் அவங்களுக்குத் தொந்தரவா இருக்கும். நம்ம மைக்கை அணைச்சிடுங்கப்பா," என்றார் டீச்சர்.

"எங்க போயிட்டீங்க?" என்றது திரைத் தவளை.

"இங்கதாங்க இருக்கேன்!" தொட்டித் தவளை தொண்டை புடைக்கக் கத்தியது.

திரைத் தவளை கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "பேச விருப்பமில்ல போல," என்று முணுமுணுத்துவிட்டுக் குட்டைக்குள் குதித்தது.