கால் முன்னே

"மூச்ச அடக்குங்க சித்தப்பா. வயிறு ஏறி எறங்குது."

சத்யப்பிரியா சொன்னதும், ஜமுக்காளத்தில் மல்லாந்திருந்த சமுத்திரம் வயிற்றை எக்கிக்கொண்டார். ஸ்டாண்டில் நின்ற போன் ஒரு படம் எடுத்தது. முனீஸ்வரியும் பாண்டிசெல்வியும் ஜமுக்காளத்தை ஒரு விரற்கடை இழுத்துவிட்டு ஒதுங்கினார்கள். மறுபடி ஒரு படம்.

தூக்குச்சட்டி, டம்ளர், செருப்பு என்று முன்னால் வரிசையாக இருந்தவற்றையும் அதே அளவு நகர்த்தி வைக்க வேண்டும். எல்லாப் படங்களையும் சேர்த்து ஓட்டினால் இழுக்கிற கை தெரியாது. சாமான்களே ஆளை இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும்.

காலை ஷிப்டுக்கு எழுந்திருக்காமல் தூங்குகிற ஒரு மில் தொழிலாளியை வீட்டுச் சாமான்கள் மில் வாசலுக்கு இழுத்துப் போகின்றன. கதை அவ்வளவுதான். முனீஸ்வரியின் மகள் சத்யா மதுரையில் விஸ்காம் படிக்கிறாள். நாளை கல்லூரியில் அதைக் கொடுத்தாக வேண்டும்.

"நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவனத் தூங்க விடாம, தூங்குற மாதிரி நடிக்கச் சொல்லுதீங்களே மதினி."

"நெசமாத் தூங்கினா நீங்க விடுற கொறட்டையில ஸ்டாண்டு ஆடிப்போவும்" என்றாள் அவர் பெண்டாட்டி பாண்டிசெல்வி.

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். புருஷன் இருளப்பசாமி போன பிறகு இந்த வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டதில்லை. சமுத்திரம் அவருடைய தம்பி. கண்ணை மூடிவிட்டால் அதே நெற்றி, அதே மூக்கு.

ஜமுக்காளம் வாசலுக்கு வந்தது. சமுத்திரத்தின் குதிகால்கள் நிலைப்படியில் ஏறின.

பாண்டிசெல்வி சட்டென்று கையை விட்டாள்.

"ஏட்டி சத்யா, காலுல்லா முன்னால போகுது! உசுரோட இருக்க மனுசன இப்பிடியா வெளிய கொண்டு போவாக? தலையத் திருப்பிப் போடு."

சத்யாவுக்கு அது தோன்றவே இல்லை. திருப்பினால் காலையிலிருந்து எடுத்ததெல்லாம் வீண். வெயில் இறங்கிவிட்டால் மறுபடி எடுக்கவும் முடியாது. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல், "திருப்பிருவோம் சித்தி" என்றாள்.

சமுத்திரம் கையை ஊன்றி எழப்பார்த்தார்.

"படுங்க" என்றாள் முனீஸ்வரி. "இப்பிடியே போகட்டும்."

"அக்கா!" என்றாள் பாண்டிசெல்வி. அவள் கை தாலியைப் பிடித்திருந்தது.

சமுத்திரம் மதினியைப் பார்த்தார்.

"விடுட்டி. அவிய சொல்லுதாக" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடினார். இந்த முறை மூச்சை அடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முனீஸ்வரி குனிந்து ஜமுக்காளத்தின் முனையைத் தான் ஒருத்தியாகவே இழுத்தாள். நிலைப்படியைத் தாண்டி ஒரு விரற்கடை.

அவள் ஒதுங்கவில்லை.

"அம்மா, நீ படத்துல விழுறே" என்று சொல்ல வாயெடுத்த சத்யா, சொல்லாமல் போனை அழுத்தினாள்.

இன்னொரு விரற்கடை. இன்னொரு படம். கால் வெளியே போனது. இடுப்பு போனது. தலை போனது.

தெருவில் இறங்கும்போது பாண்டிசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த முனையைப் பிடித்தாள்.

"எதுவரைக்கும்மா?" என்றாள் சத்யா.

"தெருமுனை வரைக்கும்." பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு போகிற பெண்கள் அதுவரைக்கும்தான் போகலாம்.

கொரோனா வருஷத்தில் இருளப்பசாமி இந்த நிலைப்படியை நடந்துதான் தாண்டினார். தானே சட்டையை மாட்டிக்கொண்டு, "சோத்த மூடி வையி, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து நேரே சுடுகாடு. வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அன்றைய சட்டம்.

அவரைத் தூக்கிப் போனவர்கள் யாரென்று முனீஸ்வரிக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.