பன்னிரண்டு விக்கெட்

மொட்டை மாடியில் கணவர் நீளமான இரும்புக் குழாயை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அதன் உச்சியில் புது ஆன்டெனா காற்றில் ஆடியது.

"மேட்ச் தெரியுதா?"

வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்த மனைவி நிலைக்கதவை இறுகப் பிடித்தாள். பிறகு கத்தினாள்.

"பளிச்சுனு தெரியுது! அப்படியே நில்லுங்க, அசைஞ்சா போயிடும்!"

"ஸ்கோர் என்ன?"

"நூத்திப் பத்து!"

"எத்தனை விக்கெட்?"

"பன்னெண்டு!"

"பன்னெண்டா?"

"ரெண்டுங்க, ரெண்டு! திரும்பாதீங்க!"

"கை கடுக்குதுடி!"

"கொஞ்சம் பொறுங்க, ஓவர் முடியட்டும்!"

கீழே அவள் போனில் கெஞ்சுவது கேட்டது.

"யாருகிட்ட பேசற?"

"அக்காகிட்ட!"

பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது.

"இப்ப குழாயை மெதுவா இறக்குங்க."

"ஏன், படம் போயிடுச்சா?"

"கரண்ட் போயிடுச்சு."

"சே! இந்த நேரத்துலதானா?"

எரிச்சலோடு திரும்பியவர் அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் முதுகுக்குப் பின்னால், ஆன்டெனாவிலிருந்து ஒரு சாண் தள்ளி, மின்கம்பி ஆடிக்கொண்டிருந்தது.

மனைவி வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். கம்பின்னு சொல்லியிருந்தா நீங்க துள்ளியிருப்பீங்க."

"அப்போ நூத்திப் பத்து?"

"டிவி இன்னும் அட்டைப்பெட்டியிலதான் இருக்கு."