அடியில் சிவப்புப் பொட்டு

பெட்டியைத் திறந்தவள் அப்படியே இருந்துவிட்டாள்.

பத்துத் தோட்டாக்களின் அடியிலும் சிவப்புப் பொட்டு.

இவை ரெஜினாவுடையவை.

அறுநூறு மீட்டர் தள்ளி இலக்கு. நடுவழியில் கட்டியிருந்த கொடி கிழிந்துவிடுகிற மாதிரி படபடத்தது. ஆடிக் காற்று. காலையெல்லாம் எங்கே போய்த் தொலைந்திருந்ததோ, இவள் முறைக்கென்று வந்து நிற்கிறது.

மாநிலப் போலீஸ் அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். போட்டியில் இருப்பவர்கள் இரண்டே பேர், இவளும் ரெஜினாவும். ரெஜினா காலையிலேயே சுட்டு முடித்துவிட்டாள். தொண்ணூற்றாறு. மூன்று வருஷமாக மாற்று ஆளாகவே உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவள் இவள். வயது முப்பத்தைந்து. இந்தத் தடவை விட்டால் அடுத்து பேரே எழுத மாட்டார்கள்.

லேசான குண்டு வேகமாகத்தான் கிளம்பும். தூரம் போகப் போகக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கனத்த குண்டு அவ்வளவு சீக்கிரம் மசியாது.

இந்த முறை கனத்த ரகம் வந்தது பத்தே பத்து. சீட்டுப் போட்டதில் ரெஜினாவுக்கு விழுந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் கனத்ததன் அடியில் நெயில் பாலிஷால் பொட்டு வைப்பது இருவரின் வழக்கம். டியூட்டியில் விரலுக்குத்தான் ஆகாது, தோட்டாவுக்காவது ஆகட்டுமே.

நேற்று இரண்டு பெட்டியையும் ஒரே டிரங்கில்தான் வைத்தார்கள்.

அப்படியானால் காலையில் ரெஜினா சுட்டது?

பாவி, பெட்டியை மாற்றி எடுத்துவிட்டாளே.

அப்போதுதான் மூடிக்குள் மடித்திருந்த காகிதம் கண்ணில் பட்டது. ரெஜினாவின் சாய்ந்த எழுத்து.

‘மதியம் காத்து வரும். நாலு கிளிக் மேல ஏத்திக்க. கனம் கூடுனா கீழ இறங்கும்.’

பெட்டி தவறி மாறவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்காமல் எப்படிக் குறி பார்ப்பது?

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. துப்பாக்கியின் பார்வைக் குமிழைக் கிளிக் கிளிக்கென்று திருகினாள்.

சுடலாம் என்று மணி அடித்தது.

பத்தும் சுட்டு முடித்தபோது தொண்ணூற்றேழு.

ஆட்கள் கை கொடுத்தார்கள். முதுகில் தட்டினார்கள். இவள் நிற்காமல் ரெஜினாவைத் தேடிப் போனாள்.

ரெஜினா வேப்பமரத்தடியில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய இலக்குத்தாள், சுருட்டி ரப்பர் போட்டுக் கிடந்தது.

இவள் அதைப் பிரித்தாள்.

ஒன்பது ஓட்டைகள் நட்டநடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக. பத்தாவது மட்டும் வலப்பக்கம், தனியாக.

ரெஜினா தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏட்டி, ஒரே ஒரு தடவதான் அடிச்சிச்சு, பாழாப்போன காத்து. விடு.”

விடுவதா?

 

பையைத் துழாவி அந்தக் குட்டி நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். ரெஜினாவின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை முழுக்க எண்ணெயும் கரியும். ஆட்காட்டி விரலை மட்டும் தன் சட்டை நுனியால் துடைத்தாள்.

நாளைக் காலை அணிவகுப்பில் இன்ஸ்பெக்டர் அம்மா பார்த்தால் இருவருக்கும் மண்டகப்படிதான்.

நகத்தின் நடுவே ஒரே ஒரு பொட்டு வைத்தாள்.

ரெஜினா விரலை இழுத்துக்கொள்ளவில்லை. காயட்டும் என்று காற்றில் நீட்டினாள்.